ஷார்ட்டேஜ் என்று எழுதிய காலம்

சென்னையில் எண்ணெய்த் தொட்டி என்று பேச்செடுத்தால் எம்டனில்தான் தொடங்க வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு, துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்ற அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டதில் பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் பற்றிக்கொண்டன. மூன்றரை லட்சம் கேலனுக்குக் கொஞ்சம் குறைவான எண்ணெய் எரிந்து போனது. அடுத்த நாள் ரயிலேறி ஊருக்குப் போனவர்கள் ஏராளம். அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு எண்ணெய்த் தொட்டியைப் பார்த்து நம்மவர்கள் பயந்தது தீ ஒன்றுக்குத்தான். 1934இல் வந்த பெட்ரோலியம் சட்டமும் அந்தப் பயத்தில் பிறந்ததே. எந்தச் சூட்டில் ஆவி பற்றும் என்பதை வைத்து எண்ணெயை வகை பிரித்தார்கள். எவ்வளவு வைத்துக்கொண்டால் லைசென்ஸ் வேண்டும், பக்கத்துக் கட்டடம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்கும் எண்ணெய் யார் தூக்கத்தையும் கெடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் கவனிப்பே இல்லை, இப்போதுதான் கசிவைப் பற்றி விழிப்பு வந்திருக்கிறது என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய பங்க்காரர்களைப்போல் தொட்டியைத் தினமும் எட்டிப் பார்த்தவர்கள் கிடையாது. அவர்கள் பார்த்தது காசுக்காக. மண் அந்தக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

காலை ஷிஃப்ட் மாறும்போது பங்க்கில் முதல் வேலை டிப் பார்ப்பது. மேன்ஹோல் மூடியைத் தூக்கி, டிப் பைப்பின் மூடியைத் திருகி எடுத்து, அளவு பொறித்த பித்தளை அல்லது அலுமினியக் கம்பியை உள்ளே விடுவார்கள். அடியில் தட்டிய சத்தம் கேட்டதும் நேராக மேலே இழுத்து, ஈரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று உடனே படிக்க வேண்டும். பெட்ரோல் கண்ணெதிரே ஆவியாகிவிடும். அசந்தால் கோடு இறங்கிவிடும். அந்த சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஆபீஸ் சுவரில் ஒட்டிய டிப் சார்ட்டைப் பார்த்தால் லிட்டர் கிடைக்கும். நேற்றைய இருப்போடு வந்த லோடைக் கூட்டி, மெஷின் மீட்டர் காட்டிய விற்பனையைக் கழித்தால் இருக்க வேண்டிய சரக்கு தெரியும். அதைவிடக் கம்பி குறைத்துச் சொன்னால், குறைந்த அளவு நோட்டில் ஒரே சொல்லாக ஏறும்: ஷார்ட்டேஜ்.

ஷார்ட்டேஜுக்கு ஆள் தேடும் வரிசையும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் லாரி டிரைவர். அடுத்து நாசில் பிடிக்கிற பையன். இரண்டு பேரும் சத்தியம் செய்துவிட்டால் வெயில். தொட்டியே ஒழுகலாம் என்ற நினைப்பு கடைசியில், அதுவும் பல மாதம் கழித்து வரும்.

வெயிலைக் குற்றம் சொல்வது வெறும் சாக்கு என்று நினைக்க வேண்டாம். பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடக் குறைய சுருங்கும். பன்னிரண்டாயிரம் லிட்டர் லோடு வெயிலில் வந்து பூமிக்கடியில் இறங்கி ஐந்து டிகிரி குளிர்ந்தால் அறுபது லிட்டர் போல 'காணாமல்' போகும். யாரும் திருடவில்லை, எங்கும் ஒழுகவில்லை. இது போதாதென்று கம்பியின் கண்பார்வைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. இருபது கிலோலிட்டர் பிடிக்கிற, இரண்டு மீட்டர் விட்டமுள்ள தொட்டி படுக்கை வாட்டில் புதைந்திருக்கிறது என்று வையுங்கள். அதன் நடுவயிற்றில் ஒரே ஒரு மில்லிமீட்டர் என்பது பன்னிரண்டு, பதிமூன்று லிட்டர். விநாடிக்கு ஒரு சொட்டு விழும் ஓட்டையில் ஒரு நாளைக்குப் போவது நான்கு லிட்டர் சொச்சம். எப்பேர்ப்பட்ட கைராசிக்காரர் கம்பி விட்டாலும் அது தெரியாது. மாதத்துக்கு நூற்றுமுப்பது லிட்டர் மண்ணுக்குப் போயிருக்கும். நோட்டில் அது ஆவி, சூடு, லாரி என்று பங்கு பிரிந்திருக்கும். ஷார்ட்டேஜ் என்ற சொல்லே கசிவுக்கு நல்ல மறைவிடமாக இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டிப் பைப் ஒரே இடத்தில் இருப்பதால் கம்பி நாள் தவறாமல் தொட்டியின் அடித்தகட்டில் ஒரே புள்ளியில் போய் இடிக்கும். வருடக்கணக்கில் இடித்த இடத்தில் தகடு தேயும், துரு பிடிக்கும், கடைசியில் ஓட்டை விழும். பார்க்கப் போன கம்பியே ஓட்டை போட்ட கதை பல நாடுகளில் நடந்திருக்கிறது. டிப் பைப்புக்கு நேர் கீழே தனியாக ஒரு கனத்த தகட்டைப் பற்றவைக்கும் வழக்கம் அதனால்தான் வந்தது.

டிப்போக்களின் பெரிய தொட்டிகளுக்கு வேறு வைத்தியம். ஒரு காலத்தில் இன்ஸ்பெக்டர் சின்னச் சுத்தியலோடு வருவார். தகட்டைத் தட்டிக்கொண்டே நடப்பார். கணீரென்றால் தகடு நன்றாக இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் அங்கே சாக்பீஸால் வட்டம் போடுவார். வெல்டிங் வைத்த இணைப்பில் ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவிவிட்டுக் காத்திருப்பார்கள். வெள்ளையில் ஈரக்கறை தெரிந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தம். கைக்காசு செலவில்லாத, பிரமாதமான சோதனை. இன்றும் வெல்டர்களுக்குத் தெரியும். ஆனால் தொட்டியின் அடித்தகட்டுக்குக் கீழே மண். அங்கே யார் போய்ச் சுண்ணாம்பு பூசுவது? கெட்டுப்போவதும் பெரும்பாலும் அந்த அடித்தகடுதான்.

அடியைப் பார்க்க வேண்டுமென்றால் தொட்டியைக் காலி செய்து உள்ளே இறங்க வேண்டும். இறங்கியவர்கள் பெரும்பாலும் கூலியாட்கள். வாளியும் துடைப்பமுமாகக் கசடை அள்ளினார்கள். 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோலுக்கு மாறும்வரை அந்தக் கசடில் ஈயச் சேர்மமும் இருந்தது. மூச்சோடும் தோலோடும் உடம்புக்குள் போகிற விஷம். மூக்கில் கட்டிய துண்டு எதைத் தடுத்திருக்கும்? இன்று உள்ளே ஆவி இருக்கிறதா, ஆக்ஸிஜன் போதுமா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, எழுத்தில் பெர்மிட் கொடுத்து, வெளியே கயிற்றோடு ஒரு ஆளை நிறுத்தி, அப்புறம்தான் ஆளை இறக்க வேண்டும். அடித்தகட்டின் மேல் காந்தக் கருவியைத் தள்ளுவண்டிபோல ஓட்டினால், கீழ்ப்பக்கம் துரு தின்ற இடங்களையும் அது காட்டிக்கொடுக்கிறது. சுவரின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவி மில்லிமீட்டரில் சொல்கிறது. சுத்தியலின் காது போய்விட்டது. நான் அதற்காக வருத்தப்படவில்லை.

தொட்டியை இத்தனை வருடத்துக்கு ஒருமுறை சோதித்தே தீர வேண்டும் என்று உலகம் உட்கார்ந்து விதி எழுதியதற்கு ஒரு தொட்டியையே காரணமாகச் சொல்லலாம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் ஃப்ளோரெஃப் என்ற ஊர். 1988 ஜனவரி 2. சுமார் நாற்பது வருடப் பழைய தகடுகளை வேறிடத்தில் பிரித்துக் கொண்டுவந்து கட்டிய டீசல் தொட்டியை முதல் தடவையாக விளிம்பு வரை நிரப்பினார்கள். தண்ணீர் முழுக்க நிரப்பிச் சோதிக்க வேண்டிய தொட்டியை அரைகுறையாகச் சோதித்துவிட்டிருந்தார்கள். குளிரில் தகடு மேலிருந்து கீழ்வரை பிளந்தது. ஒன்றரைக் கோடி லிட்டருக்குச் சற்றுக் குறைவான டீசல் ஒரே அலையாகக் கிளம்பி, சுற்றுச்சுவரைத் தாண்டி, இருபத்தெட்டு லட்சம் லிட்டர் அளவுக்கு ஆற்றில் கலந்தது. கீழே இருந்த ஊர்களின் குடிதண்ணீர் நின்றது. அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் 1991இல் வெளியிட்ட 653ஆம் எண் தரவிதி அதன் பிறகு வந்ததுதான். கட்டிய தொட்டியை எப்போது, எப்படி, யார் சோதிப்பது என்று அது வரிவரியாகச் சொன்னது. நம் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் 1986இல் உருவானது. தொட்டிச் சோதனைக்கு அதற்கும் தனித் தரவிதி உண்டு.

நம் ஊரில் மண்ணைப் பற்றிய நினைப்பு வந்தது ரொம்பப் பின்னால். 2013இல் தண்டையார்பேட்டையில் வீட்டு போர்களில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாயின் கசிவு. அது தொட்டி இல்லை, குழாய்தான். ஆனால் பாடம் ஒன்றே. கசிவைக் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை, வீட்டில் தண்ணீர் இறைத்தவர்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2020இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புதிய பங்க்குகளுக்கு நெறிமுறை கொடுத்தபோது பள்ளி, ஆஸ்பத்திரி, குடியிருப்புகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றது. அதில் மண்ணும் நிலத்தடி நீரும் பெயர் சொல்லி இடம்பெற்றன. எம்டனில் இருந்து கணக்குப் பார்த்தால் நூறு வருடம் தாண்டிவிட்டது.

இப்போது ஒரு நெடுஞ்சாலைப் பங்க்கில் லோடு இறங்குவதைப் பாருங்கள். லாரி வந்து சமதரையில் நிற்கிறது. சாவி டிரைவரிடம் இருந்து மேனேஜர் கைக்குப் போகிறது. சக்கரத்துக்குக் கட்டை. நான்கு பக்கமும் கூம்பு வைத்து, இரண்டு தீயணைப்பான்களைப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். நிலை மின்சாரம் இறங்க எர்த்திங் கிளிப்பை லாரியில் மாட்டுகிறான் ஒரு பையன். பெயின்ட் இல்லாத இடத்தில்தான் மாட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. டிரைவருக்கு அவசரம்.

"தம்பி, கப்பலூர்ல அடுத்த லோடுக்கு டோக்கன் போட்ருக்கேன். சீக்கிரம் விட்டா நல்லாருக்கும்."

"கொஞ்சம் பொறுங்கண்ணே. சரக்கு அடங்கட்டும், டென்சிட்டி பாத்துட்டுத் தொறக்கலாம்."

ஓடி வந்த சரக்கு அலையடங்கிய பிறகுதான் லாரியில் டிப் பார்க்க முடியும். ஜாடியில் சாம்பிள் பிடித்து, ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் மிதக்கவிட்டு, அட்டவணை பார்த்து 15 டிகிரிக்கு மாற்றிய டென்சிட்டி, சலானில் உள்ளதோடு மூன்று புள்ளிக்குள் ஒத்துப்போக வேண்டும். இதெல்லாம் கலப்படத்துக்கான காவல். கசிவுக்கான காவல் இதற்குப் பக்கத்திலேயே, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு கழித்தலில் இருக்கிறது: தொட்டியில் இடம் இருக்கிறதா?

லாரியின் ஒரு அறையில் நாலாயிரம் லிட்டர். தொட்டியில் மூவாயிரத்து ஐந்நூறுக்குத்தான் இடம் என்று வையுங்கள். வால்வைத் திறந்துவிட்டால் கடைசி ஐந்நூறு லாரியிலேயே நிற்கும். ஹோஸ் முழுக்கப் பெட்ரோல். ஹோஸைக் கழற்றினால் அத்தனையும் தரையில். கழற்றாமல் நிற்கலாம், ஆனால் டிரைவருக்கு அடுத்த லோடு. பங்க்கில் நடக்கும் சிந்தல்களில் இது பழம்பெரும் வகை. பைப் வெடித்துச் சிந்துவதைவிட அவசரப்பட்டுச் சிந்துவதே அதிகம் என்பது என் அபிப்பிராயம். இப்போது நிரப்பும் வாயைச் சுற்றி ஒரு கிண்ணம் வைக்கிறார்கள், ஹோஸில் மிச்சமிருக்கும் கொஞ்சத்தை அது பிடித்துக்கொள்ளும். அந்தக் கிண்ணத்தில் மழைத்தண்ணீரும் மண்ணும் நிறைந்து கிடந்தால் அது எதையும் பிடிக்காது. தினமும் துடைக்க வேண்டும். துடைப்பது யார் வேலை என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு பதில் வரும்.

தொட்டிக்குள் இப்போது நிரந்தரமாக ஒரு புரோப் நிற்கிறது. அதில் இரண்டு மிதவைகள். ஒன்று எண்ணெய் மட்டத்துக்கு, ஒன்று அடியில் தேங்கும் தண்ணீருக்கு. மட்டம், சூடு, தண்ணீர் மூன்றும் ஆபீஸ் திரையில் ஓடுகின்றன. கம்பெனியும் அங்கே இருந்தபடி பார்க்கலாம். வெயில் செய்யும் குழப்பத்தைக் கருவியே கழித்துவிடுகிறது. சாக்குகளில் ஒன்று ஒழிந்தது. ஆனாலும் இது வந்ததும் முதலில் கணக்குக்காகத்தான். கசிவைத் தேடச் சொன்னால் கருவிக்குச் சில மணி நேரம் அமைதி வேண்டும்: விற்பனை கூடாது, லோடு கூடாது. ராத்திரி முழுக்க லாரிக்கு டீசல் அடிக்கும் பங்க்கில் அந்த அமைதிக்கு எங்கே போவது? அமெரிக்க விதி இந்தக் கருவிகளிடம் கேட்கும் மாதச் சோதனையின் கூர்மை மணிக்கு 0.2 கேலன். நம் கணக்கில் ஒரு நாளைக்குப் பதினெட்டு லிட்டர். விநாடிக்கு ஒரு சொட்டாக நாளைக்குப் போகும் அந்த நான்கு லிட்டர் அதற்கும் கண்ணில் படாது. அதனால்தான் தொட்டியையே இரட்டைச் சுவராகச் செய்து, இரண்டு சுவருக்கும் இடையில் சென்சார் வைக்கும் யோசனை வந்தது. உள்சுவர் ஒழுகினால் மண்ணுக்குப் போகும் முன்னே மணி அடிக்கும்.

மணி அடித்தால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. கருவி வாங்குவதைவிட இது கஷ்டம்.

இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் டிப்போவில் 2005 டிசம்பர் 11, ஞாயிறு விடியற்காலை. பைப்லைனில் வந்த பெட்ரோல் 912ஆம் எண் தொட்டியில் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலை மூன்று மணி வாக்கில் மட்டம் காட்டும் கேஜ் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டது. தொட்டி ஏறிக்கொண்டே இருக்க, திரை நகரவில்லை. அந்தக் கேஜ் ஆகஸ்ட் கடைசியில் இருந்து 14 தடவை அப்படிச் சிக்கியிருந்தது. தட்டிச் சரிசெய்வது பழக்கமாகிவிட்டது. ஏன் சிக்குகிறது என்று பார்க்கப்படவில்லை. கேஜ் தவறினாலும் நிறுத்துவதற்குத் தனியாக ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதைச் சோதிக்க ஒரு நெம்புகோல். சோதித்த பின் அதை நடுநிலையில் பூட்டுப் போட்டு வைக்காவிட்டால் ஸ்விட்ச் வேலை செய்யாது. பூட்டு திருடனுக்காக என்று நினைத்து மாட்டாமல் விட்டிருந்தார்கள். ஐந்தரை மணி தாண்டியதும் தொட்டி வழிந்தது. ஆறு மணிக்கு ஆவி மேகம் வெடித்தது. 43 பேருக்குக் காயம். ஞாயிறு விடியல் என்பதால் உயிர் போகவில்லை. ஒரு சின்னப் பூட்டு எதற்கென்று சொல்லித்தரப்படவில்லை என்பதற்கு இவ்வளவு.

நான்கு வருடம் கழித்து, 2009 அக்டோபர் 29 மாலை, ஜெய்ப்பூர் சீதாபுராவில் இந்தியன் ஆயில் டெர்மினல். பக்கத்து டெர்மினலுக்குப் பெட்ரோல் அனுப்ப வால்வுகளைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். சுத்தியலால் தட்டித் திறந்து மூடும் பழைய வகை வால்வு திறந்திருக்கும் நேரத்தில் அதற்கு முந்திய வால்வும் திறந்திருந்தது. பெட்ரோல் பீய்ச்சியடித்தது. வேலை செய்தவர் ஆவியில் மயங்கினார். காப்பாற்றப் போனவரும் தாங்கவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வால்வை மூடும் வசதி வேலை செய்யவில்லை. தொட்டியைச் சுற்றிய அணையின் மழைநீர் வால்வு மூடியிருக்க வேண்டியது. திறந்திருந்ததால் பெட்ரோல் மழைநீர்க் கால்வாயில் ஓடியது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, ஏறக்குறைய ஆயிரம் டன். பிறகு வெடிப்பு. 11 உயிர்கள், 11 தொட்டிகள், 11 நாள் நெருப்பு. எரிந்து தீரட்டும் என்று விடுவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று.

எம்.பி. லால் தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகுதான் நம் டிப்போக்கள் உண்மையில் மாறின. சுத்தியல் வால்வுகள் கழற்றப்பட்டன. தொட்டியின் முதல் வால்வைத் தூரத்திலிருந்தே மூடும் ஏற்பாடு வந்தது. ஆவி கசிந்தால் முகரும் டிடெக்டர்கள் அணைக்குள் வந்தன. அணை வால்வு திறந்திருந்தால் கட்டுப்பாட்டு அறையில் தெரியும். இதில் ஒரு சின்ன விஷயத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்: மழை நின்ற பிறகு அணைக்குள் தேங்கிய தண்ணீரை வெளியேற்ற வால்வைத் திறப்பவர், தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறந்து, வடியும்வரை அங்கேயே நின்று, மூடிப் பூட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். திறந்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. எத்தனை லட்சம் ரூபாய்க் கருவி வைத்தாலும் அந்த டீயை நிறுத்துவது பயிற்சிதான்.

பயிற்சி என்ற பேச்சே அன்று பங்க்கில் கிடையாது. மேனேஜரின் சொந்தத்திலோ சொந்த ஊரிலோ ஒரு பையன் வருவான். "கூடவே நின்னு பாரு" என்பார்கள். இரண்டு நாள் நின்று பார்ப்பான், மூன்றாம் நாள் நாசில் பிடிப்பான். தரையில் பெட்ரோல் கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அவன் கற்றது, பெரியவர்கள் செய்ததைப் பார்த்து: தண்ணீர் பைப்பைப் பிடித்துச் சாக்கடைக்கு அடித்துவிடுவது. தரை பளிச்சென்று ஆகிவிடும். பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து, சாக்கடை வழியே போய், எங்கேயோ ஒரு தீக்குச்சிக்காகக் காத்திருக்கும். இன்று சொல்லிக்கொடுப்பது நேர்மாறாக: தண்ணீரைத் தொடாதே. மெயின் ஸ்விட்சை நிறுத்து. வண்டிகளை ஸ்டார்ட் செய்ய விடாதே, தள்ளிக்கொண்டு போகச் சொல். சாக்கடை வாயை மணலால் அடை, பிறகு சிந்திய இடத்தில் மணல் போடு. எண்ணெய் குடித்த மணலைத் தனியாக எடுத்து வை. பல பங்க்குகளில் சிவப்பு வாளிகள் அழகாக வரிசையில் தொங்குகின்றன. சிலவற்றில் பீடித் துண்டும் டீ கப்பும் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் 2005இல் வந்த ஒரு சட்டம் பங்க் ஆட்களை மூன்றாகப் பிரித்துப் பயிற்சி கட்டாயம் என்றது. முதலாளிக்கும் நிர்வாகிக்கும் 'ஏ', தொட்டியைத் தினசரி பராமரிப்பவருக்கு 'பி', கவுன்டரில் நிற்பவருக்கு 'சி'. இந்த 'சி'தான் சாமர்த்தியம். மணி அடிக்கும்போது இடத்தில் இருப்பது அவர் ஒருவரே. தொட்டியின் இயந்திரவியல் அவருக்கு வேண்டாம். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது தெரிந்தால் போதும். 2015இல் விதியைத் திருத்தியபோது முப்பது நாளுக்கு ஒருமுறை நிரப்பும் வாய்க் கிண்ணத்தைப் பார்த்து எழுதிவைக்கவும் சொன்னார்கள்.

இங்கே கம்பெனிகள் வகுப்பு நடத்துகின்றன, மாதிரி ஒத்திகை நடக்கிறது, ரிஜிஸ்டரில் கையெழுத்தும் விழுகிறது. ஆனால் ஆறு மாதத்தில் பாதி ஆட்கள் மாறிவிடும் தொழிலில், கையெழுத்துப் போட்டவன் இப்போது டெலிவரி பைக் ஓட்டிக்கொண்டிருப்பான். அவன் இடத்தில் ஒடிஷாவில் இருந்தோ பீகாரில் இருந்தோ வந்த பையன் நிற்கிறான். சுவரில் 'கசிவு ஏற்பட்டால் செய்ய வேண்டியவை' என்று நல்ல தமிழில் போர்டு. விற்பனையை நிறுத்தும் தைரியமும் சம்பளத்தில் சேர்ந்து வருவதில்லை. வரிசையில் இருபது வண்டி நிற்கும்போது சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தால் முதலாளி திட்டமாட்டார் என்ற உறுதி அவனுக்கு வேண்டும். அதை எந்த வகுப்பிலும் யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. கொடுக்கும் முதலாளிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆட்களும் நிலைத்திருக்கிறார்கள்.

பழைய ஞானத்தைப் புது எண்ணெய் குழப்பியும் இருக்கிறது. டிப் கம்பியின் நுனியில் தடவும் வாட்டர் பேஸ்ட், தண்ணீர் பட்டால் சிவக்கும். அடியில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் என்று அதில் படித்துவிடலாம். 2023 பிப்ரவரியில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் ஒரு படலமாக இறங்கும். அதைப் பழைய பேஸ்ட் சரியாகக் காட்டாமல் போகலாம். அதற்கென்றே வேறு பேஸ்ட் இருக்கிறது. முன்பு மழைக்காலத்தில் மூடி வழியாக இறங்கும் ஒரு குடம் தண்ணீர் அடியில் சும்மா கிடக்கும், பம்ப் போட்டு எடுத்துவிடலாம். இப்போது அதுவே தொட்டிச் சரக்கையே கெடுத்துவிடக் கூடும். இதில் ஒரு நன்மையும் உண்டு: மேன்ஹோல் மூடியின் ரப்பர் வளையத்தை முதலாளிகளே குனிந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். மறுபடியும் காசுக்காகத்தான். இருக்கட்டும், மண்ணுக்கும் நல்லது.

வெள்ளம் வந்தால் இதெல்லாம் இன்னொரு மடங்கு. காலியான தொட்டி நிலத்தடி நீர் ஏறினால் மிதக்கப் பார்க்கும், கான்கிரீட்டோடு பட்டை போட்டுக் கட்டாவிட்டால் குழாய்களைப் பிய்த்துக்கொண்டு மேலே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்தில் இருந்து வெள்ளத்தோடு போன எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து வலையையும் படகையும் கருப்பாக்கியது. மீனவர்கள் மக்கால் மொண்டு அள்ளினார்கள். தொட்டி, அணை, கால்வாய், மழை என்று தனித்தனியாகச் சோதித்த எல்லாம் ஒரே ராத்திரியில் ஒன்றாகிவிடும் என்பதை எந்தச் சோதனைப் பட்டியலிலும் எழுதுவது சுலபமில்லை.

இன்னும் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கூட்டம் இருக்கிறது, மூடிய பங்க்குகள். நான்குவழிச் சாலை வந்தபோது எத்தனையோ பங்க்குகள் இடம் மாறின. தொட்டியைத் தோண்டி எடுத்து லாரியில் ஏற்றிப் போவதைப் பார்த்திருக்கிறோம். அமெரிக்க விதிப்படி தொட்டியை எடுக்கும்போதே குழியின் மண்ணைச் சோதித்து எழுதிவைக்க வேண்டும். நம் பக்கம் குழியை மூடிச் சமன் செய்து இடத்தை விற்றுவிடுவார்கள். வாங்குகிறவர் முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், சர்வேயரைக் கூட்டிவந்து அளப்பார், மண்ணை மட்டும் முகர்ந்து பார்க்க மாட்டார். அந்த இடங்களில் இப்போது பரோட்டாக் கடையும் கல்யாண மண்டபமும் இருக்கின்றன. போர் போடாமல் மண்டபம் நடக்குமா?